பூ அனுப்பியவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று பகல் முழுக்க மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். இன்று ஃபிரிட்ஜைத் திறந்தால் தோசை மாவு பொங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டுவரை இறங்கியிருக்கிறது. மூன்று துணி வீணானது. விரலிடுக்கில் புளிப்பு வாடை சாயங்காலம்வரை போகவில்லை.

புதிய வேலை வந்திருக்கிறது, அடுப்புக் கம்பெனியிலிருந்து. அதன் உண்மையான பெயரை இங்கேகூட எழுதமாட்டேன். வெளியே எதுவும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் சமைக்கும் பெண்களிடமிருந்து மதியச் சாப்பாடு வாங்கி அலுவலகங்களுக்குக் கொடுக்கும் கம்பெனி. தலைமையகம் பெங்களூரில். கோயம்புத்தூரில் நூற்றிருபது அடுப்புகள். அந்தப் பெண்களுக்கான அறிவிப்புகளை நான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். ஆக்கினால் மட்டும் போதாது, பேசிப் பதிவும் செய்ய வேண்டும். காய் நறுக்கிக்கொண்டே கேட்பவர்கள் என்பதால் எல்லாமே வாட்ஸப்பில் குரல் பதிவாகத்தான் போகும். ஒன்றரை வருடமாக அந்தக் குரல் என்னுடையது.

இந்த முறை, கம்பெனியை மூடுகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். நிறுவனர் எழுதும் கடிதத்தை நான் தமிழில் தர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சொல்பட்டியல் கேட்டிருக்கிறாள் வர்ஷா: நொடித்துப்போன தொழிலைப் பற்றி ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் சொல்லும் நாற்பது சொற்றொடர்கள், எதிரே தமிழ். வர்ஷா அங்கே தகவல் தொடர்பைப் பார்க்கிறவள். சென்னைப் பெண். இருந்தாலும் என்னிடம் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசியதில்லை.

மார்ச் 5, புதன்

'பெல்லி அப்.' தொழில் செத்துவிட்டது என்பதற்கு. வயிறு மேலே என்று அர்த்தம். போன கோடையில் பஸ்ஸிலிருந்து பார்த்த குளத்தில் மீன்கள் அப்படித்தான் மிதந்தன. வரிசை வரிசையாக வெள்ளை வயிறுகள், மேலே காகங்கள், பஸ்ஸில் எல்லோர் மூக்கிலும் கைக்குட்டை. நேர்மையான சொல். பட்டியலில் நேர்மையானது அது ஒன்றுதான். அடுத்தது 'சன்செட்'. கம்பெனியை அஸ்தமிக்க வைக்கிறார்களாம். சூரியன் தானாக மறையும். யாரும் அதை மீட்டிங் போட்டு மறைய வைப்பதில்லை.

பட்டியலில் பாதி, காதலர்கள் பிரியும்போது பேசுகிற சொற்கள். வழிகள் பிரிகின்றன. நகர்ந்து செல்கிறோம். தவறு உன்னிடம் இல்லை, என்னிடம்தான். தொழிலுக்கும் காதலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மருந்துக்கடை போலிருக்கிறது.

தமிழுக்கு ஸ்டெல்லாவைக் கேட்டேன். என் அறைத்தோழி, தனியார் மருத்துவமனையில் நர்ஸ், தூத்துக்குடிக்காரி. டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனி நட்டத்துல மூடிட்டான்னா உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊத்திக்கிச்சும்போம். புட்டுக்கிச்சு. மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான். தலைல துண்டப் போட்டுட்டான்."

"லவ்வு போச்சுன்னா?"

"அதுக்கும் ஊத்திக்கிச்சுதாம் பிள்ள." நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குட்டி கேக்க? ஒனக்கா?"

"வேலைக்கு."

"வேலைக்குன்னா சரி. மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கே, அதாங் கேட்டேன்."

மத்தியானம் ஆதவனிடமிருந்து செய்தி வந்திருந்தது, புனேயிலிருந்து. நான்கு வருடக் காதல் எங்களுடையது. எப்போதும்போல ஆங்கிலத்தில், பதினொரு வரி. கொஞ்சம் இடைவெளி வேண்டுமாம். நாங்கள் வேறு வேறு திசையில் வளர்கிறோமாம். நான் இன்னும் நல்லதுக்குத் தகுதியானவளாம். அங்கே வேலை அழுத்தம் அதிகம், பாவம். ஒரு கட்டைவிரல் இமோஜியும் ஒரு சூரியகாந்தியும் அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

நிறுவனரின் கடிதம் வந்துவிட்டது. இரண்டு பக்கம். 'நம் இதயத்தின் மிகக் கடினமான உரையாடல்' என்று தொடங்குகிறது. அவருக்குத் தூக்கம் போனது, அவர் தன் நாயுடன் நீண்ட தூரம் நடந்தது, நடந்தபோது கிடைத்த தெளிவு, எல்லாம் இருக்கின்றன. சமைக்கிறவர்கள் ஏப்ரல் முதல் தேதி காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை. கடைசிப் பத்தியில், 'நீங்கள் எல்லோரும் இன்னும் நல்லதுக்குத் தகுதியானவர்கள்.'

அந்த வாக்கியத்தில் வெகுநேரம் நின்றேன்.

ஃபிரிட்ஜில் இன்னும் வாடை. எலுமிச்சைத் தோலைப் போட்டு வைத்தேன்.

மார்ச் 8, சனி

பத்து நாள் கழித்துக் குழாயில் தண்ணீர். குடம், வாளி, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 10, திங்கள்

என் மொழிபெயர்ப்பு திரும்பி வந்தது. முதல் வரியில், 'மார்ச் 31ஆம் தேதியோடு நிறுவனத்தை மூடுகிறோம்' என்று எழுதியிருந்தேன். மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இரண்டு பக்கத்தையும் பிழிந்தால் சொட்டுவது அதுதான் என்பதால் எழுதினேன்.

வர்ஷா கூப்பிட்டாள். 'மூடு' வேண்டாமாம், கடுமையாக இருக்கிறதாம். 'நிறுத்தம்' வேண்டாம். 'வேலை' என்ற சொல்லே வேண்டாம், அவர்கள் ஊழியர்கள் அல்ல, கூட்டாளிகள். தேதி இருக்கலாம், ஆனால் எதனுடைய தேதி என்று சொல்ல வேண்டாம்.

"அவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டேன்.

பதிலை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதைத் தமிழில் எழுதிவைக்கிறேன், பிறகு நான் கற்பனை செய்ததாக எனக்கே தோன்றிவிடக் கூடாது: "இப்போதே புரிந்துவிட்டால் பாதிப் பேர் நாளைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். முப்பத்தொன்றுவரை சாப்பாடு போக வேண்டும். கடைசி நாளன்று தெளிவாக இன்னொன்று அனுப்பிக்கொள்ளலாம்."

புரியாமல் இருப்பதற்காகத்தான் மொழிபெயர்ப்பு. இத்தனை வருடப் படிப்பில் யாரும் எனக்கு இந்த வகையைச் சொல்லித்தரவில்லை.

எழுதிக் கொடுத்தேன். பதிவும் செய்தேன். போர்வைக்குள் உட்கார்ந்து, வெளிச்சத்தம் விழாமல், மூன்று முறை. 'அன்பான தோழியரே, நாம் கைகோத்து நடந்த இந்த அழகான பயணம், மார்ச் 31க்குப் பிறகு ஒரு புதிய விடியலை நோக்கித் திரும்புகிறது.' மூன்றாவது முறை குரலில் ஒரு புன்னகையும் வந்துவிட்டது. வர்ஷாவுக்கு அதுதான் பிடித்தது. பிறகு வாய் கொப்பளித்தேன், எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

நேற்று அனுப்பினார்கள். பதில்களை ஆங்கிலத்தில் சுருக்கித் தரச் சொல்லி இன்று என்னிடமே அனுப்பினாள் வர்ஷா. அறுபத்தேழு பதில்கள்.

எல்லாம் பூ. ரோஜா, தாமரை, செம்பருத்தி, கொத்துக் கொத்தாக. கட்டைவிரல்கள். 'ரொம்ப சந்தோசம் மேடம்.' 'கம்பெனி மென்மேலும் வளர வாழ்த்துகள்.' ஒருவர் தன் பேத்தியைக் கைதட்டச் சொல்லிப் பதிவுசெய்திருந்தார். புதிய கிளை திறக்கிறார்கள் என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

எரிச்சலாக வந்தது. அவர்கள்மேல்தான், முதலில். ஒரு தேதி இருக்கிறது, 'க்குப் பிறகு' என்று இருக்கிறது, குரல் எவ்வளவு இனித்தாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஒருவன் திடீரென்று இத்தனை மரியாதையாகப் பேசினால், விடைபெறுகிறான் என்று தெரிய வேண்டாமா? அதற்கு யாராவது பூ அனுப்புவார்களா?

மார்ச் 13, வியாழன்

ஒரு பதிலை மட்டும் சுருக்க முடியவில்லை. துளசிமணி அக்கா. நேரில் பார்த்ததில்லை. போன வருடம் குழுவில் சேரத் தெரியாமல் என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார், அரை மணி நேரம் எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்கள் விடுதியில் காலையும் சாயங்காலமும் சமைக்கிறார். மத்தியானத்துக்கு நடுவில் இந்தக் கம்பெனிக்கு.

அவர் பதிவு: "ஏனுங் மேடம், நல்ல சேதி சொன்னீங். இனி எச்சா ஆர்டர் வருமுங்களா? நான் ஆஸ்டல் வேலைய விட்டுப்போடறனுங். அடுத்த வாரம் வியாழக்கெழமையோட நின்னுக்கறேன்னு சொல்லிப்போட்டேன். ரெண்டு பக்கமும் ஓடியாற இந்த முட்டி கேக்கமாட்டீங்குது. இனிமேப்பட்டு உங்களுக்கே முழுசாச் செஞ்சுபோடலாமுங்."

வியாழக்கிழமை என்றால் இருபதாம் தேதி. அதற்குப் பின்னால் பதினொரு நாள்தான் கம்பெனி இருக்கும்.

வர்ஷாவுக்கு முழுவதையும் மொழிபெயர்த்து, 'இவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், இருக்கிற வேலையை விடப்போகிறார்' என்று குறிப்பும் எழுதினேன். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'ரொம்ப விளக்கப் போக வேண்டாம்.' கூடவே ஒரு இதயம்.

மார்ச் 15, சனி

சித்திரை ஒன்றாம் தேதி விடுமுறையோடு சேர்த்து ஏப்ரல் பன்னிரண்டு புனே போக டிக்கெட் எடுத்தேன். அதற்குள் இடைவெளி போதுமானதாக இருக்கும். அவனுக்கு நீல நிறத்தில் ஒரு சட்டையும் வாங்கினேன்.

ஆதவன் பத்து நாளாகப் பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

வாடை தாங்காமல் ஸ்டெல்லா இன்று சத்தம் போட்டாள். "எலி செத்துக் கெடக்குட்டி. நீ என்னடான்னா தெனம் எலுமிச்சம்பழத்த அரிஞ்சு வைக்க. பொணத்துக்கு சென்ட்டு அடிச்சா ஆச்சா?"

இருவருமாக ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பினோம். எலி இல்லை. பின்பக்கம் அடியில் தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு தட்டு இருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியாது. மாவு அங்கே வழிந்து, தேங்கி, மேலே பச்சையாகப் பூத்திருந்தது. அடியில் புழு. அரிசிபோல வெள்ளையாக, எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஸ்டெல்லா கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் போனாள். நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

பதின்மூன்று நாளாக முன்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளை துளசிமணி அக்காவைப் பார்க்கப் போகிறேன். போனில் சொல்ல முடியும். ஆனால் அவர் போனில் ஏற்கெனவே என் குரல் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஒண்டிப்புதூரில் இறங்கி இரண்டு தெரு. வரிசையாக ஏழு லைன் வீடுகள், அவருடையது கடைசி. மத்தியான டப்பாக்கள் போய்விட்ட நேரம். கழுவிய பாத்திரங்கள் வாசலில் வெயிலில் கவிழ்ந்திருந்தன.

"ஆருங்?"

"அக்கா, நான் தாரிணி. கம்பெனியில இருந்து வாய்ஸ் அனுப்புவேனே..."

கதவு முழுதாகத் திறந்தது. "அட, கொரலம்மணியா! வா சாமி, உள்ள வா. நான் உன்னய நல்லா வாட்டசாட்டமா நெனச்சு வெச்சிருந்தேன். நீ என்ன இப்பிடி வத்தலாட்டம் இருக்கற?"

மோர் கொடுத்தார். அடுப்பு மேடையில் ஒரு பெரிய அலுமினிய அண்டா, லேபிள் கிழிக்காமல். 'எச்சா ஆர்டருக்கு' என்றார். கீழே வைத்திருந்தால் அதைப் பார்க்காமலாவது பேசியிருக்கலாம்.

"அக்கா, ஹாஸ்டல் வேலைய விடாதீங்க."

"ஏஞ்சாமி?"

"கம்பெனிய மூடுறாங்க. முப்பத்தொண்ணாம் தேதியோட. அதுக்கப்புறம் ஆர்டர் கிடையாது."

சிரித்தார். "ஆரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். போன செவ்வாக்கிழமை அனுப்புன வாய்ஸ்ல."

"அதுல அப்பிடி ஒண்ணும் வரலயே." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அழுத்தினார். என் குரல் அந்தச் சமையலறையில் எழுந்தது. அன்பான தோழியரே. அழகான பயணம். புதிய விடியல். அந்தப் புன்னகை, போர்வைக்குள் இருந்து நான் சிந்திய புன்னகை, அண்டாவில் பட்டுத் திரும்பி வந்தது. என் வாயிலிருந்து வந்த எதுவும் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை. நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"இதுல எங்க இருக்குது மூடறோம்னு? காட்டு."

"இல்லக்கா. தெரியாத மாதிரி எழுதச் சொன்னாங்க."

"நீயும் எழுதிப்போட்ட."

"ஆமா."

அவர் அண்டாவைப் பார்த்தார். "கம்பெனிக்காரன் மூஞ்சிய நான் கண்டனா? அவன் கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது. உன்ற கொரலக் கேட்டுத்தான அம்மணி நம்புனேன்."

போனை அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"செரி, எனக்கு ஒருத்திக்கு வந்து சொன்னா ஆச்சா? மத்தவங்க?"

"அந்தக் குரூப்ல என்னால அனுப்ப முடியாதுக்கா. அவங்கதான் அனுப்பணும்."

"அவிய குரூப்பு ஆருக்கு வேணும்? எங்களுக்குள்ள தனியா ஒண்ணு இருக்குது. வெங்காயம் வெல எறங்குனாச் சொல்லிக்கறதுக்கு. நீ எனக்குப் பேசி அனுப்பு, நான் அதுல போட்டுடறேன்."

கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. மாத வருமானத்தில் பாதி இந்தக் கம்பெனிதான். போனை வாயருகே வைத்து, "அன்பான தோழியரே" என்றேன், பழக்கத்தில்.

"அன்பெல்லாம் வேண்டாம்," என்றார் துளசிமணி அக்கா. "விசயத்தச் சொல்லு."

மறுபடியும் தொடங்கினேன். "நான் தாரிணி பேசுறேன். மார்ச் முப்பத்தொண்ணோட கம்பெனிய மூடுறாங்க. ஏப்ரல்ல இருந்து சமையல் வேலை இல்ல. போன வாரம் நான் பேசுனதுல இது உங்களுக்குப் புரியக் கூடாதுன்னுதான் அப்படிப் பேசினேன். மன்னிச்சிருங்க." பதினான்கு நொடி. போர்வை இல்லை, வெளியே யாரோ குழாயடியில் சண்டை போடுவதும் பதிவாகியிருக்கிறது.

அவர் சேலை மாற்றிக்கொண்டு வார்டனைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். "மோரக் குடிச்சுட்டுக் கதவச் சாத்திட்டுப் போ" என்றார். குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

இன்று காலை நாற்பத்தாறு அடுப்புகள் எரியவில்லை. வர்ஷா கூப்பிட்டாள். மூச்சு விடாமல் ஆங்கிலம். நம்பிக்கை முறிந்தது, இதில் சொந்த வெறுப்பு எதுவும் இல்லை, நம் வழிகள் இங்கே பிரிகின்றன, உன் அடுத்த பயணத்துக்கு வாழ்த்து. என் சொல்பட்டியலிலிருந்து ஒன்றுவிடாமல்.

"தமிழ்ல சொல்லுங்க, வர்ஷா," என்றேன்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உனக்கு இனிமே வேல இல்ல," என்றாள். அவள் தமிழ் எனக்கு இன்றுதான் தெரிந்தது. அசல் மயிலாப்பூர், கொஞ்சம் மூக்கால் வருவது. பிறகு குரல் இறங்கியது. "எனக்கும்தான். காலம்பற வந்துது. இங்கிலீஷ்ல. ரெண்டு தடவ படிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, என்னைத்தான் சொல்றாங்கன்னு."

மார்ச் 20, வியாழன்

துளசிமணி அக்காவிடமிருந்து செய்தி. வார்டன் அதற்குள் வேறு ஆளைப் பேசி வைத்துவிட்டாராம். கெஞ்சியதில் காலை டிபன் மட்டும் இவருக்கு, சாயங்காலம் அந்தப் புது ஆளுக்கு. "பாதி தப்புச்சுது" என்றார். நான் ஐந்து நாள் முன்னால் போயிருந்தால் முழுதும் தப்பியிருக்கும். பதின்மூன்றாம் தேதியே எனக்குத் தெரியும்.

மார்ச் 22, சனி

கையில் வேலை இல்லை. அதனால் கடைசியாக ஒன்றை மொழிபெயர்த்தேன். மூலம்: ஆதவன், மார்ச் 5, பதினொரு வரி.

பிழிந்தால் தமிழில் மூன்று சொல். நீ எனக்கு வேண்டாம்.

அவ்வளவுதான் அதில் இருந்தது. முதல் நாளே இருந்தது. அறுபத்தேழு பேரைப் பார்த்து எரிச்சல்பட்டவள், அவர்களுக்கு ஆறு நாள் முன்பே சூரியகாந்தி அனுப்பியிருக்கிறேன். அவர்களாவது ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டார்கள், தெரிந்ததும் அடுப்பை அணைத்தார்கள். நான் டிக்கெட் எடுத்திருக்கிறேன், சட்டை வாங்கியிருக்கிறேன்.

நான்கு வருடத்தில் நாங்கள் ஒரு சண்டைகூடத் தமிழில் போட்டதில்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

குரல் பதிவு அனுப்பினேன். "ஆதவா, உனக்கு நான் வேண்டாம்னு புரிஞ்சுது. இடைவெளின்னு சொன்னத நம்பிக் காத்துட்டிருந்தேன். இனி காத்திருக்கல."

ஐந்து நிமிடத்தில் பதில். ஒரு கட்டைவிரல். பூகூட இல்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "அந்தச் சட்டை என்ன சைஸு? எங்க அண்ணனுக்கு ஆகுமா?" என்று கேட்டாள். ஆகும்.

மார்ச் 31, திங்கள்

நிறுவனர் இணையத்தில் எழுதியிருக்கிறார், தோல்வி தனக்குக் கற்றுத்தந்த ஏழு பாடங்கள். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். என்னவொரு துணிச்சல், என்னவொரு நேர்மை என்கிறார்கள். ஏழு பாடத்திலும் ஓர் அடுப்புகூட இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஃபிரிட்ஜை உள்ளும் புறமும் பின்தட்டும் கழுவினேன்.

மத்தியானம் துளசிமணி அக்காவின் பதிவு வந்தது. "அம்மணி, மத்தியானமும் சாயங்காலமும் சும்மாத்தான் உக்காந்திருக்கறேன். எங்கியாச்சும் சமையலுக்கு ஆளு வேணும்னு உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு. தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு. பாக்கலாங்க்கா, சொல்றேங்க்காங்கற பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம். உன்ற கொரலு வந்தா இனி ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் நம்புவேன், பாத்துக்க."

'பார்க்கலாம் அக்கா' என்றுதான் வாயில் வந்தது. ஆங்கிலத்தை இத்தனை நாள் திட்டியாயிற்று, நம்மிடமும் அப்படி ஒன்று கைவசம் தயாராகத்தான் இருக்கிறது.

அதை விழுங்கிவிட்டுப் பேசினேன். "அக்கா, எனக்கு எந்த இடமும் தெரியாது. நானும் வேலை தேடிட்டுத்தான் இருக்கேன்."

அனுப்பும் முன் இரண்டு தடவை கேட்டேன்.